ஓவனில் சுட்ட வசந்தகாலக் காய்கறி சாலட்: எதைச் சுடலாம், எதைச் சுடக் கூடாது?

தேம்ஸ்கரை (லண்டன்)

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் அஸ்பாரகஸ் என்னும் தண்டுத் தளிரின் பருவம் தொடங்கிவிட்டதால், ஓவனில் சுட்ட வசந்தகாலக் காய்கறிகளைக் கொண்டு வயிறு நிறையும்படியான ஒரு சாலட் செய்வதைப் பற்றி விரிவாகப் பேசலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். பெரிய சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வைக்கும் இலைக் கிண்ணத்தை நான் சொல்லவில்லை. வேலை முடிந்து பசியோடு வருகிறவர், அதை மட்டுமே உண்டு நிறைவாக எழுந்திருக்கும்படியான உணவைச் சொல்கிறேன்.

இவ்வகைச் சாலட்டுக்கான குறிப்புகள் பலவும், எல்லாக் காய்களையும் ஒரே தட்டில் கொட்டி, எண்ணெய் விட்டுப் புரட்டி, அரை மணி நேரம் ஓவனில் வையுங்கள் என்று முடித்துவிடுகின்றன. குளிர்காலத்துக் காய்களுக்கு அந்த முறை பொருந்தும். பரங்கி, பார்ஸ்னிப், முற்றிய கேரட் ஆகியவை ஏறக்குறைய ஒரே வேகத்தில் வேகும். ஐந்து நிமிடம் கூடுதலாக நின்றாலும் பொறுத்துக்கொள்ளும். வசந்தகாலக் காய்கள் அப்படிப்பட்டவை அல்ல. புதிய உருளைக்கிழங்குக்கு நாற்பது நிமிடம் வேண்டும். விரல் பருமனுள்ள அஸ்பாரகஸுக்குப் பத்து நிமிடம் போதும். பச்சைப் பட்டாணிக்கு ஓவனே தேவையில்லை. எதைச் சுடுவது, எதை வெந்நீரில் காட்டி எடுப்பது, எதைப் பச்சையாகவே சேர்ப்பது என்று பிரித்துக்கொள்வதில்தான் இந்தச் சாலட்டின் சுவை இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் பருவத்தைச் சொல்லிவிடுகிறேன். வசந்தம் வந்தவுடன் சந்தையில் பச்சைக் காய்கள் குவிந்துவிடும் என்று தோன்றும். இங்கே நிலைமை வேறு. ஏப்ரலிலும் மே மாதத்தின் முற்பகுதியிலும் குளிர்காலப் பயிர்கள் முடிந்திருக்கும், புதுப் பயிர்களோ இன்னும் விளைந்திருக்காது. இந்த வறண்ட வாரங்களை இந்நாட்டு உழவர்கள் 'ஹங்ரி கேப்' என்று அழைக்கிறார்கள். அப்போது உள்ளூர் விளைச்சலாகக் கிடைப்பவை ஊதா நிறத் தளிர் புரோக்கோலி, லீக்ஸின் கடைசி அறுவடை, வெங்காயத்தாள், சிவப்பு முள்ளங்கி, வாட்டர்கிரெஸ் என்னும் காரக்கீரை ஆகியவையே. அஸ்பாரகஸின் மரபான தொடக்கம் ஏப்ரல் 23, அதாவது புனித ஜார்ஜ் நாள். ஜூன் 21 அளவில் அறுவடையை நிறுத்திவிடுவார்கள். ஈவ்ஷம் பள்ளத்தாக்கு அதற்குப் பெயர்பெற்ற இடம். ஜெர்சி தீவின் 'ஜெர்சி ராயல்' உருளைக்கிழங்கும் இதே வாரங்களில்தான் தாராளமாக வரும். தோட்டத்துப் பட்டாணியும் பிராட் பீன்ஸும் பெரும்பாலும் ஜூனில்தான் தலைகாட்டும். ஆகவே ஏப்ரலில் செய்யும் சாலட்டும் ஜூனில் செய்யும் சாலட்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அடுத்தது சூடு. காயின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அந்தப் பரப்பின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். பொன்னிறத்தையும் மணத்தையும் தருகிற வினை, பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் 1912இல் விவரித்தது, ஏறத்தாழ 140 டிகிரிக்கு மேல்தான் விரைவாக நடக்கிறது. கழுவிய காயைத் துணியால் ஒற்றாமல் தட்டில் போட்டாலும், காய்களை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கினாலும், கிளம்பும் ஆவி அங்கேயே தங்கிவிடும். காய் சுடப்படாமல் அவிந்துபோகும். ஓவன் 220 டிகிரியில் இருக்கட்டும். விசிறி உள்ள ஓவனானால் 200 போதும். வெறும் தட்டையும் உள்ளே வைத்தே சூடாக்குங்கள். பாதியாக வெட்டிய உருளைக்கிழங்கின் வெட்டுமுகத்தை அந்தத் தட்டில் கவிழ்த்து வைக்கும்போது 'சுர்' என்று ஓசை எழ வேண்டும். எழவில்லை என்றால் தட்டு இன்னும் சூடேறவில்லை என்று பொருள்.

நான்கு பேருக்கு நான் எடுத்துக்கொள்பவை: புதிய உருளைக்கிழங்கு 600 கிராம், தழையோடு கட்டாக விற்கும் இளங்கேரட் 300 கிராம், சிவப்பு முள்ளங்கி 200 கிராம், அஸ்பாரகஸ் 400 கிராம், வெங்காயத்தாள் ஒரு கட்டு, உரித்த பட்டாணி 150 கிராம், பச்சை லென்டில் 200 கிராம், வாட்டர்கிரெஸ் இரண்டு கைப்பிடி, புதினாவும் டில் தழையும் தாராளமாக. உருளைக்கிழங்கையும் கேரட்டையும் தோல் சீவ வேண்டியதில்லை. தேய்த்துக் கழுவினால் போதும்.

உருளைக்கிழங்கு முதலில் உள்ளே போகட்டும். பதினைந்து நிமிடம் கழித்துக் கேரட்டையும், மேலும் ஐந்து நிமிடம் கழித்துப் பாதியாக வெட்டிய முள்ளங்கியையும் சேருங்கள். கடைசிப் பத்து நிமிடத்துக்கு அஸ்பாரகஸையும் முழு வெங்காயத்தாளையும் வேறொரு தட்டில் வையுங்கள். நாற்பதாவது நிமிடத்தில் எல்லாம் ஒன்றாக வெளியே வரும். பட்டாணியைக் கொதிக்கும் உப்புநீரில் ஒரு நிமிடம் போட்டு வடித்தால் போதும். வாட்டர்கிரெஸின் காரத்தைத் தீயில் காட்டிக் கெடுக்க வேண்டாம்.

முள்ளங்கியைச் சுடுவதா என்று சிலர் தயங்கக்கூடும். அதன் காரம், வெட்டும்போதும் மெல்லும்போதும் ஒரு நொதியின் செயலால் பிறப்பது. சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடுவதால் காரம் அடங்கி, இனிப்பும் சாறும் மேலே வருகின்றன. சிவப்புத் தோல் வெளிறி இளஞ்சிவப்பாகும், வெட்டுமுகம் மட்டும் ஓரங்களில் பழுப்பேறியிருக்கும். இந்தச் சாலட்டில் என் வீட்டார் முதலில் பொறுக்கி எடுப்பது அதைத்தான்.

உங்கள் முறைகளையும் ஐயங்களையும் எழுதுங்கள். சாலட்டின் மேல் ஊற்றும் கலவையான டிரெஸ்ஸிங்கைப் பற்றி வேண்டுமென்றே இன்னும் எழுதவில்லை. அதற்குத் தனிப் பேச்சு தேவைப்படும்.

வன்னிமரம் (டொராண்டோ)

அக்கா, மிகவும் பயனுள்ள பதிவு. எங்களுக்கு ஒன்ராறியோ அஸ்பாரகஸ் மே மாதத்தில்தான் வரும் என்பதால் இப்போதே படித்து வைத்துக்கொள்கிறேன்.

எனக்கு இரண்டு கேள்விகள் உள்ளன. மரக்கறி மட்டும் உண்ணும் எங்கள் வீட்டில், சாலட் என்று சொன்னவுடன் இரவு ஒன்பது மணிக்குத் திரும்பவும் பசிக்குமே என்ற எண்ணம்தான் முதலில் வருகிறது. நீங்கள் லென்டில் என்று எழுதியது எந்த வகை? நாங்கள் வழக்கமாக வாங்கும் சிவப்பு மைசூர்ப் பருப்பை இதற்குப் பயன்படுத்தலாமா? இரண்டாவதாக, வசந்தகாலத்தில் இங்கே நியூ பிரன்ஸ்விக் பகுதியிலிருந்து ஃபிடில்ஹெட் என்னும் சுருண்ட பெரணித் தளிர் விற்பனைக்கு வருகிறது. பார்ப்பதற்கு மிகவும் அழகாக இருப்பதால் அதையும் அஸ்பாரகஸோடு சேர்த்து ஓவனில் வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

தேம்ஸ்கரை (லண்டன்)

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன், ஏனென்றால் அது உடல்நலம் பற்றியது. ஃபிடில்ஹெட்டை நேரடியாக ஓவனில் வைக்கவே கூடாது. சரியாக வேகாத ஃபிடில்ஹெட்டை உண்டவர்களுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்திருக்கின்றன. அதனால் உங்கள் நாட்டின் நலத்துறையான 'ஹெல்த் கனடா' அதை 15 நிமிடம் கொதிநீரில் வேகவைக்க வேண்டும், அல்லது 10 முதல் 12 நிமிடம் ஆவியில் வேகவைக்க வேண்டும் என்றும், வேகவைத்த நீரைக் கொட்டிவிட வேண்டும் என்றும், வதக்குவதோ ஓவனில் வைப்பதோ அதற்குப் பிறகுதான் என்றும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பழுப்பு நிறச் சருகுத் தோலை நீக்கிப் பலமுறை கழுவிய பிறகே வேகவைக்க வேண்டும். அப்படி வெந்த தளிரைத் துடைத்துக் கடைசி ஐந்து நிமிடம் தட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லென்டிலுக்கு வருகிறேன். சிவப்பு மைசூர்ப் பருப்பும் நான் சொல்லும் பச்சை லென்டிலும் ஒரே செடியினத்தைச் சேர்ந்தவை. ஆனால் சிவப்புப் பருப்பு தோல் நீக்கி உடைத்தது; இருபது நிமிடத்தில் குழைந்து சாம்பாருக்கு ஏற்ற பதத்துக்குப் போய்விடும். சாலட்டுக்குத் தோலோடு கூடிய சிறு பச்சை லென்டில் வேண்டும். பிரான்ஸின் ஓவெர்ன் பகுதியில், லெ பூய் ஊரைச் சுற்றியுள்ள எரிமலை மண்ணில் விளைவது இவற்றுள் புகழ்பெற்றது. 1996 முதல் அதற்குப் பிரான்ஸில் விளைவிடப் பெயர்க்காப்பு உண்டு. விலை கூடுதல் என்று தோன்றினால் கனடாவிலேயே விளையும் பச்சை வகைகளில் சிறியதைத் தேடுங்கள். ஊறவைக்கத் தேவையில்லை. நிறையத் தண்ணீரில் ஒரு பிரிஞ்சி இலை, ஒரு பூண்டுப் பல் போட்டு 20 முதல் 25 நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு, ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்து, உள்ளே மாவு போல மென்மையாகவும் வெளியே தோல் கிழியாமலும் இருக்கும்போது வடித்துவிடுங்கள்.

இரவு ஒன்பது மணிப் பசிக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஓர் ஆளுக்கு 50 கிராம் காய்ந்த லென்டில் என்றால் ஏறத்தாழ 12 கிராம் புரதம் கிடைக்கும், நார்ச்சத்தும் கணிசமாக இருக்கும். முட்டை உண்பவர்கள் ஏழு நிமிடம் வேகவைத்த ஒரு முட்டையைப் பாதியாக வெட்டி மேலே வைத்தால் இன்னும் ஆறு கிராம் சேரும். முட்டை வேண்டாம் என்றால் ஃபெட்டா, ஹலூமி போன்ற பாலாடைக்கட்டி, அல்லது வறுத்த ஹேசல்நட் நல்லவை. இலைகளையும் காய்களையும் மட்டும் எவ்வளவு குவித்தாலும் அந்த நிறைவு வராது.

நெக்கார்நதி (ஹைடல்பெர்க்)

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் வெள்ளை அஸ்பாரகஸுக்குப் பெயர்பெற்ற ஷ்வெட்சிங்கன் இருக்கிறது என்பதால் இந்த இழையில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

வெள்ளை என்பது தனிச் செடி அல்ல. தளிர்கள் வெளிச்சம் படாமல் வளரும்படி அவற்றின் மேல் மண்ணைக் குவித்து வைப்பதால் பச்சையம் உருவாவதில்லை, அவ்வளவுதான். ஆனால் சமையலில் இரண்டும் வேறு வேறு. பச்சை அஸ்பாரகஸுக்கு அடிப்பகுதியை மட்டும் கொஞ்சம் சீவினால் போதும். வெள்ளைக்கு நுனிக்குக் கீழே தொடங்கி அடிவரை முழுவதும் தோல் சீவ வேண்டும், இல்லாவிட்டால் வாயில் நார் நாராக நிற்கும். அதை வெறுமனே 200 டிகிரியில் வைத்தால் மேலே உலர்ந்து சுருங்கி உள்ளே வேகாமல் இருக்கும். கொஞ்சம் வெண்ணெயும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் சேர்த்து, காகிதத்தால் மூடி, முக்கால் பங்கு வெந்த பிறகு திறந்து நிறமேற்றுவது என் வழக்கம். இந்தச் சாலட்டுக்குப் பச்சைதான் பொருத்தம் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். வெள்ளையின் மென்மை லென்டிலுக்கு நடுவில் காணாமல் போய்விடும்.

இங்கே பருவம் ஜூன் 24, யோஹான்னிஸ் நாளோடு முடிகிறது. அதற்குப் பிறகு அறுக்காமல் விடுவதற்கு நல்ல காரணம் உண்டு. தளிர்களை வளரவிட்டால்தான் அவை தழைத்து வெயிலில் உணவு தயாரித்து, அடுத்த ஆண்டுக்கான சேமிப்பை மண்ணுக்கடியில் இருக்கும் வேர்த்தொகுதிக்கு அனுப்பும். பருவம் முடிந்த பின் தொலைதூரத்திலிருந்து வரும் அஸ்பாரகஸை வாங்குவதை நான் தவிர்க்கிறேன். அறுத்த பிறகும் மிக வேகமாக மூச்சுவிட்டுத் தன் சர்க்கரையைச் செலவழித்துவிடும் காய் அது. பல நாள் பயணத்துக்குப் பிறகு அதில் இனிப்பு எங்கே மிஞ்சும்? வாங்கிய அன்றே சமைக்க முடியாவிட்டால், அடியில் மெல்லிய சீவல் எடுத்து, ஒரு குவளையில் இரண்டு விரல் அளவு தண்ணீரில் நிறுத்தி, குளிர்பெட்டியில் வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் காலத்தில் நெக்கார் கரைக் காடுகளில் பேர்லாவ்ஹ் என்னும் காட்டுப்பூண்டு இலை படர்ந்திருக்கும்; அதைப் பொடியாக நறுக்கி டிரெஸ்ஸிங்கில் சேர்த்தால் இந்தச் சாலட்டுக்கு மிகவும் பொருந்தும். ஆனால் தாமே பறிக்கப் போகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். லில்லி ஆஃப் தி வேலி, இலையுதிர்காலக் குரோக்கஸ் என்னும் கோல்சிகம் ஆகிய இரண்டின் இலைகளும் அதைப் போலவே இருக்கும். இரண்டும் கொடிய நஞ்சு. கசக்கி முகர்ந்து பார்ப்பதும் போதாது, ஏனென்றால் முதல் இலையின் பூண்டு மணம் கையில் தங்கி அடுத்த இலைக்கும் மணம் இருப்பதாகக் காட்டும். ஐயம் இருந்தால் சந்தையில் கட்டாக விற்பதையே வாங்குங்கள்.

அவசரச்சமையல் (பர்மிங்காம்)

தேம்ஸ்கரை அவர்களே, உங்கள் பதிவில் உழைப்பு தெரிகிறது, அதை மதிக்கிறேன். ஆனாலும் மாற்றுக் கருத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து, பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைப் பார்த்துக்கொண்டே சமைக்கிறவருக்கு, பதினைந்தாவது நிமிடம் ஒன்று, இருபதாவது நிமிடம் ஒன்று, முப்பதாவது நிமிடம் ஒன்று என்று ஓவனைத் திறந்து மூடிக்கொண்டிருப்பது நடக்காத காரியம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளிருக்கும் சூடு இறங்குகிறது என்பதும் உண்மைதானே? ஒரே தட்டு முறை பரவியிருப்பதற்குக் காரணம் சோம்பேறித்தனம் அல்ல, நேரமின்மை. வெட்டும் அளவை மாற்றினால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வேகவைத்துவிடலாம் என்பது என் அனுபவம்: உருளைக்கிழங்கைச் சிறியதாகவும் கேரட்டை நீளவாக்கில் மெல்லியதாகவும் வெட்டி, முள்ளங்கியை முழுதாக விட்டால் 25 நிமிடத்தில் மூன்றும் ஒன்றாக வந்துவிடும்.

அத்துடன் உருளைக்கிழங்கை முதலில் வேகவைத்துவிட்டு ஓவனில் வைப்பதுதானே இந்நாட்டு வழக்கம்? அதை ஏன் நீங்கள் சொல்லவில்லை?

தேம்ஸ்கரை (லண்டன்)

நீங்கள் சொல்வதில் ஒரு பகுதியை மனமார ஏற்கிறேன். கிழங்கு வகைகளுக்கு வெட்டும் அளவை வைத்து நேரத்தைச் சமப்படுத்துவது நல்ல வழி. உருளைக்கிழங்கு, கேரட், முள்ளங்கி மூன்றையும் நீங்கள் சொன்னபடி ஒரே தட்டில் வைக்கலாம். தட்டில் இடைவெளி இருக்க வேண்டும், அவ்வளவே. என் மறுப்பு அஸ்பாரகஸைப் பற்றியது. அதை எவ்வளவு பெரிதாக விட்டாலும் 25 நிமிடம் தாங்காது. நுனி கருகி, தண்டு துவண்டு, நிறம் மங்கிய சாக்குத் துணி போலாகிவிடும். ஆகவே ஒரே ஒரு முறை ஓவனைத் திறந்து, கிழங்குத் தட்டைக் கீழே தள்ளி, அஸ்பாரகஸ் தட்டை மேலே வையுங்கள். அந்த ஒரு முறைக்கு இறங்கும் சூடு சீக்கிரமே மீண்டுவிடும்.

அஸ்பாரகஸ் வாங்கும்போது பென்சில் போல மெல்லியதைத் தேட வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மெல்லியது இளசு, தடித்தது முற்றல் என்ற எண்ணம் பரவலாக உண்டு, அது சரியல்ல. தளிர் மண்ணிலிருந்து எழும்போதே அதன் பருமன் முடிவாகிவிடுகிறது, வளர வளரத் தடிப்பதில்லை. வலுவான வேர்த்தொகுதி தடித்த தளிரைத் தருகிறது. சுடுவதற்குத் தடித்ததே ஏற்றது. வெளியே நிறம் ஏறும் நேரத்தில் உள்ளே சாறு மிஞ்சியிருக்கும். நுனிச் செதில்கள் இறுக்கமாக மூடியிருக்கின்றனவா, அடியில் வெட்டிய இடம் ஈரமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

உருளைக்கிழங்கை முன்கூட்டி வேகவைப்பது ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட்டுக்கு உரிய முறை. அதற்கு எடுப்பது மாரிஸ் பைப்பர் போன்ற மாவுத்தன்மை மிகுந்த கிழங்கு. வெந்தபின் குலுக்கினால் ஓரங்கள் உதிர்ந்து, அந்த உதிரிதான் எண்ணெயில் மொறுமொறுப்பாகும். வசந்தகாலப் புதிய கிழங்கில் மாவுச்சத்து குறைவு, ஓரம் உதிராது. எனவே முன்கூட்டி வேகவைப்பதால் மொறுமொறுப்பில் பெரிய லாபம் இல்லை; நேரம் மிச்சமாக வேண்டும் என்றால் எட்டு நிமிடம் வேகவைத்து, வடித்து, ஆவி முழுவதும் போகவிட்டு ஓவனில் வையுங்கள், தவறில்லை. ஜெர்சி ராயல் கிடைத்தால் நான் அதைச் சுடுவதே இல்லை. 1880ஆம் ஆண்டளவில் ஹியூ டெ லா ஹே என்னும் ஜெர்சி உழவர் கண்டெடுத்த வகை அது. தெற்கு நோக்கிய செங்குத்துச் சரிவுகளில், கடற்பாசியை எருவாக இட்டு வளர்க்கும் மரபு அங்கே உண்டு. கையால் தேய்த்தாலே உரியும் அந்தத் தோலையும் அதன் மென்மையான வாசனையையும் ஓவன் மறைத்துவிடும். அந்த வாரங்களில் கிழங்கை உப்புநீரில் வேகவைத்து, மற்ற காய்களை மட்டும் சுட்டுச் சேர்ப்பேன்.

கரிமவேதி (கேம்பிரிட்ஜ்)

டிரெஸ்ஸிங் பற்றி யாரும் தொடங்காததால் நான் எழுதுகிறேன். இந்தச் சாலட்டில் டிரெஸ்ஸிங்கை எப்போது ஊற்றுகிறோம் என்பது, அதில் என்ன சேர்க்கிறோம் என்பதைவிட முக்கியம்.

லென்டிலும் உருளைக்கிழங்கும் சூடாக இருக்கும்போதே டிரெஸ்ஸிங்கை ஏற்க வேண்டும். சூட்டில் அவற்றின் மேற்பரப்பு தளர்ந்திருக்கும், வினிகரும் உப்பும் உள்ளே இறங்கும். ஆறியபின் மாவுச்சத்து இறுகிவிடுவதால் எவ்வளவு ஊற்றினாலும் மேலே வழுக்கிக்கொண்டு கிண்ணத்தின் அடியில் தேங்கும். பச்சைக் காய்களுக்கு இதற்கு நேர்மாறு. பச்சையத்தின் நடுவில் இருக்கும் மக்னீசியம் அணுவை அமிலம் வெளியேற்றிவிடும், அப்போது பளிச்சென்ற பச்சை மங்கி ஆலிவ் பழுப்பாகும். அஸ்பாரகஸையும் பட்டாணியையும் எலுமிச்சைச் சாற்றில் அரை மணி நேரம் ஊறவிட்டால் அந்த மாற்றத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆகவே டிரெஸ்ஸிங்கை இரண்டாகப் பிரியுங்கள்: பெரும்பகுதி சூடான லென்டிலுக்கும் கிழங்குக்கும், மிச்சம், பரிமாறும் நேரத்தில் மேலே தெளிக்க.

அளவு எளிது. வினிகர் இரண்டு மேசைக்கரண்டி, டிஜான் கடுகு விழுது ஒரு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. இவற்றை முதலில் கலக்கி உப்பு கரைந்தபின், ஆலிவ் எண்ணெய் ஆறு மேசைக்கரண்டியை மெல்லிய தாரையாக விட்டு அடியுங்கள். கடுகு விழுது எண்ணெயையும் வினிகரையும் பிரியவிடாமல் பிடித்துவைக்கும். எலுமிச்சைச் சாற்றைவிட அதன் தோலைத் துருவிச் சேர்ப்பதை நான் விரும்புகிறேன்; மணம் கிடைக்கும், நிறம் கெடாது. ஃபெட்டா சேர்ப்பவர்கள் உப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

எண்ணெயைக் குறைக்க வேண்டும் என்று யாராவது கேட்பதற்கு முன் ஒரு சொல்: கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது. எண்ணெய் துளியும் இல்லாத சாலட்டில் அதை உடல் நன்றாக ஏற்காது.

செவிலிமுல்லை (லெஸ்டர்)

ஜூன் மாதத்தில் பிராட் பீன்ஸ் சேர்க்கலாம் என்று தேம்ஸ்கரை அக்கா குறிப்பிட்டிருப்பதால் இதை எழுதுகிறேன். ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பிராட் பீன்ஸ் ஆகாது. இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து சோகையும் மஞ்சள் காமாலையும் உண்டாகக்கூடும். சமைத்து உண்டாலும் இந்த ஆபத்து இருக்கிறது. இது பிறப்பிலேயே வருவது, ஆண்களிடம் மிகுதி. மலேரியா பரவியிருந்த நாடுகளின் மக்களிடம் கூடுதலாகக் காணப்படுவதால் தெற்காசியர்களாகிய நம்மிடமும் உண்டு. நம் ஊர் அவரையை உண்டு பழகியவர்கள், இதுவும் அதுபோன்றதுதான் என்று எண்ணி வாங்குவதைப் பார்த்திருக்கிறேன்; இரண்டும் வேறு வேறு செடிகள். குடும்பத்தில் யாருக்காவது இந்தக் குறைபாடு கண்டறியப்பட்டிருந்தால் பிராட் பீன்ஸை அடியோடு விலக்கி, பட்டாணியைக் கூட்டிக்கொள்ளுங்கள். விருந்தினருக்குச் செய்யும்போது முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

உண்ணக்கூடியவர்களுக்கு: நெற்றை உரித்து, விதைகளை இரண்டு நிமிடம் கொதிநீரிலும் பிறகு குளிர்நீரிலும் போட்டு, சாம்பல் நிற வெளித்தோலைக் கிள்ளிப் பிதுக்கினால் உள்ளிருந்து பளபளக்கும் பச்சைப் பருப்பு வரும். அந்தத் தோல்தான் கசப்பு. ஓவனில் வைக்க வேண்டாம்.

வன்னிமரம் (டொராண்டோ)

எல்லோருக்கும் நன்றி. ஃபிடில்ஹெட் பற்றி அக்கா சொன்னதை அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

கடைசியாக இரண்டு கேள்விகள். தோட்டத்துப் பட்டாணி வரும்வரை உறைந்த பட்டாணியைப் பயன்படுத்தலாமா? இரவு செய்த சாலட்டை மறுநாள் வேலைக்கு எடுத்துச் செல்ல முடியுமா? எங்கள் வேலைத்தளத்தில் மைக்ரோவேவ் இருக்கிறது. இன்னொன்று, அம்மா இதில் கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துப் போடலாமே என்கிறார். தேசிக்காய்ப் புளி விட்டால் நன்றாக இருக்கும் என்பது அவரது எண்ணம்.

தேம்ஸ்கரை (லண்டன்)

உறைந்த பட்டாணியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பறித்த சிறிது நேரத்திலேயே பட்டாணியின் சர்க்கரை மாவாக மாறத் தொடங்குகிறது; வயலிலிருந்து சில மணி நேரத்தில் உறையவைத்த பட்டாணி, மூன்று நாள் கடையில் கிடந்த நெற்றைவிட இனிப்பாக இருக்கும். அதைக் கொதிநீரில் போட்டு, நீர் மீண்டும் கொதி வந்தவுடன் வடித்தால் போதும்.

அம்மாவின் தாளிப்பு நல்ல யோசனை, ஆனால் இந்த டிரெஸ்ஸிங்கோடு சேர்த்து வேண்டாம். டிஜான் கடுகும் வினிகரும் ஒரு பக்கம், தாளித்த கடுகும் தேசிக்காயும் ஒரு பக்கம் என்று இரண்டும் போட்டியிட்டால் அஸ்பாரகஸின் இனிப்பு இடையில் அகப்பட்டுக்கொள்ளும். வினிகரையும் கடுகு விழுதையும் முழுவதும் விட்டுவிட்டு, நான்கு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் தாளித்து, அதைச் சூடான லென்டிலிலும் கிழங்கிலும் ஊற்றிப் பிசிறி, பச்சைக் காய்கள் சேர்ந்தபின் கடைசியில் தேசிக்காய் பிழியச் சொல்லுங்கள். டில்லுக்குப் பதில் கொத்தமல்லி போடலாம். கரிமவேதி சொன்ன வரிசை இதற்கும் அப்படியே பொருந்தும்.

மறுநாளுக்கு எடுத்துச் செல்வதானால், பிரிப்பதை இரவே செய்துவிடுங்கள். டிரெஸ்ஸிங் ஏற்ற லென்டிலும் உருளைக்கிழங்கும் கேரட்டும் ஒரு டப்பாவில். அஸ்பாரகஸும் பட்டாணியும் டிரெஸ்ஸிங் படாமல் இன்னொன்றில். வாட்டர்கிரெஸும் புதினாவும் ஈரத்தை உறிஞ்சும் தாளில் சுற்றித் தனியாக. சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் போய்விட வேண்டும், இரண்டு நாளுக்குள் உண்டுவிட வேண்டும். மைக்ரோவேவில் முதல் டப்பாவை மட்டும் ஒரு நிமிடம் சூடாக்கி, அதன் மேல் மற்ற இரண்டையும் போட்டுக் கலந்து உண்ணுங்கள். முட்டை எடுத்துச் சென்றால் ஓட்டோடு கொண்டுபோய் அங்கே உரித்துக்கொள்ளுங்கள், மைக்ரோவேவில் வைக்க வேண்டாம், வெடித்துவிடும்.